நயினார் பேரில் எடுத்தது

கங்கைகொண்டானில், நாலுவழிச் சாலையை விட்டு உள்ளே தள்ளி, புள்ளிமான் சரணாலயத்தின் கம்பிவேலியை ஒட்டி எங்கள் கம்பெனி இருக்கிறது. செத்துப்போன நயினார் அங்கே மறுபடியும் இடம்பிடிக்க ஆரம்பித்தது, ஆடிக் காற்று மண்ணை வாரி ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை காலையில். அன்றைக்குக் கேண்டீனில் இட்லி தீர்ந்து உப்புமா மட்டும் இருந்ததால் எங்களில் பாதிப் பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோம், ஆகவே அதை உடனே கவனிக்கவில்லை.

நாங்கள் டிரைவர் எழுதுகிறவர்கள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் இப்படிச் சொன்னால் லாரியா பஸ்ஸா என்று கேட்பார்கள், பெண் கொடுக்க யோசிப்பார்கள். நாங்கள் எழுதுவது, பிறந்து கண்கூடச் சரியாகத் திறக்காத பிள்ளைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிற வார்டுகளுக்கு. பிள்ளையின் நெஞ்சில் ஒட்டிய வயர் ஒரு கருவிக்குப் போகும், கருவி ஒரு கம்ப்யூட்டருக்குப் போகும், கருவி சொல்வதைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கிற நிரல்தான் எங்கள் டிரைவர். அது ஓடுகிற இடத்துக்குக் கெர்னல் என்று பெயர், கம்ப்யூட்டரின் அடிமடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஓடுகிற நிரல் தப்புச் செய்தால் அது மட்டும் சாகும். அடிமடியில் தப்புச் செய்தால் மொத்தக் கம்ப்யூட்டரும் நீலத்திரையைக் காட்டிக்கொண்டு விழும். அங்கே மெமரி வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும், வாங்கும்போது ஆங்கிலத்தில் நாலெழுத்தில் ஒரு பெயர் கொடுக்க வேண்டும், அதை டேக் என்போம், வேலை முடிந்ததும் அதே பெயரைச் சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டால் கேட்கவும் ஆள் கிடையாது, பின்னாலேயே வந்து கூட்டிப் பெருக்கவும் ஆள் கிடையாது. எடுத்தது எடுத்தபடி நிற்கும், நின்று நின்று சேர்ந்து ஒருநாள் இடமே இல்லாமல் போய் எல்லாம் அசையாமல் நின்றுவிடும். அதனால் எந்தப் பெயரில் எத்தனை துண்டு நிற்கிறது என்று காட்டுகிற திரை ஒன்று எங்கள் டெஸ்ட் மெஷினில் எப்போதும் திறந்தே கிடக்கும்.

மற்ற இடங்களில் டேக் என்பது செய்கிற வேலையின் பெயராக இருக்கும். எங்கள் டீம் ஹெட் ஜான் கோயில்பிள்ளை சார் அதற்கு ஒத்துக்கொள்ளவே மாட்டார். "அவனவன் பேரப் போடுங்க. சொந்தப் பேரு அங்க நிக்குதுன்னாத்தான்யா வெக்கமா இருக்கும்" என்பார். ஆகவே மைமூன் எடுத்தால் மைமூன் பெயரின் நாலெழுத்து, உலகநாதன் எடுத்தால் உலகநாதன் பெயரின் நாலெழுத்து, நயினார் எடுத்தால் நயின். வேலையை விட்டுப் போகிறவர்களின் கடைசி நாளில் எல்லோரும் அந்தத் திரைமுன் கூடுவோம். அவர் பெயரில் ஒன்றும் நிற்கவில்லை என்று பார்த்ததும் சார், "கணக்கு நேராயிட்டு, போயிட்டு வாங்க" என்பார், எல்லோருக்கும் அல்வா உண்டு. நயினாருக்கு அப்படி ஒரு நாள் வாய்க்கவில்லை. சித்திரை மாதம் ஒரு சாயங்காலம் பைக்கில் வீட்டுக்குப் போகிறபோது வேலி தாண்டி வந்த மான் ஒன்று குறுக்கே பாய்ந்தது, பிரேக் போட்டான், மானுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவன் மனைவி செண்பகவல்லியும் எங்கள் டீம்தான். நாங்கள் எழுதியதைப் போட்டுப் பார்த்து எங்கே என்ன திருப்பிக் கொடுக்கப்படாமல் நிற்கிறது என்று பிடிக்கிற டெஸ்டர் அவள். அவள் கையெழுத்து இல்லாமல் எதுவும் வெளியே போகாது. புருஷன் எழுதியதிலும் தயவுதாட்சண்யம் பார்த்தவள் இல்லை. ஆனால் நயினார் எழுதியதில் பிடிக்க ஒன்றும் இருக்காது, வாங்கியதை எல்லாம் வரிக்கு வரி திருப்பிக் கொடுத்திருப்பான். வீட்டில்தான் தலைகீழ். துண்டு, கத்தரிக்கோல், ஊறுகாய் பாட்டிலின் மூடி, எதை எடுத்தாலும் எடுத்த இடத்தில் வைக்கமாட்டான் என்று மத்தியானச் சாப்பாட்டில் அவள் சொல்லித் தீர்ப்பாள், அவனும் சிரித்துக்கொண்டே அவள் டப்பாவிலிருந்து அப்பளத்தை எடுப்பான்.

அவன் போன பிறகு ஒரு சிக்கல் வந்தது, டிரைவரை வாங்குகிறவர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள்: ஒவ்வொரு டேக்குக்கும் பதில் சொல்ல வேலையில் ஒரு ஆள் இருக்க வேண்டும். ஆகவே உலகநாதன் ஒரு வாரம் உட்கார்ந்து, நயினார் எழுதிய ஒவ்வொரு வரியிலும் நயின் என்பதை அழித்துத் தன் பெயரைப் போட்டான். கூடப் படித்தவன், ஒரே மேன்ஷனில் தங்கியவன். அந்த வாரம் அவன் யாரோடும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. காரியம் எல்லாம் முடிந்து செண்பகவல்லி வேலைக்குத் திரும்பியபோது டிரைவரில் நயினாரின் பெயர் எங்கேயும் இல்லை.

எங்கள் வாயிலும் இல்லை. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை, அது தானாகவே வந்தது. அவள் கதவைத் திறந்தால் பேச்சு நின்றது, அவள் உட்கார்ந்தால் மழையைப் பற்றிப் பேசினோம், அவள் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனால் மெதுவாக அவனைப் பற்றி ஆரம்பித்தோம், திரும்பி வருகிற செருப்புச் சத்தம் கேட்டால் பாதி வார்த்தையை அப்படியே விழுங்கினோம். அவள் மனசு நோகக்கூடாது என்று நாங்கள் அத்தனை பேரும் அத்தனை பாடுபட்டோம். அவளும் அவனைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. தாழையூத்தில் அவள் வீட்டுக்குள் அடிக்கடி ஆடு புகுந்து செம்பருத்தியைத் தின்றுவிடுகிறது என்று மட்டும் சொல்வாள். கேட்டைப் பூட்டிக்கொள்ள வேண்டியதுதானே என்று எங்களுக்குத் தோன்றும், அதையும் சொல்லமாட்டோம்.

அந்தத் திங்கட்கிழமை மைமூன்தான் முதலில் பார்த்தாள். எங்களில் இளையவள், மேலப்பாளையம், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. திரையில் எங்கள் பெயர்களுக்கு நடுவே நயின் என்று ஒரு வரி, அதன் எதிரே சில துண்டுகள். உலகநாதன் எங்கோ ஒரு வரியை மாற்ற மறந்திருப்பான் என்று தேடினோம், டிரைவரில் இல்லை. மெஷினைத் துடைத்துப் புதிதாக எல்லாம் போட்டோம், திரையைத் திறந்ததும் நயின் நின்றது, துடைப்பதற்கு முன் எத்தனையோ அதே எண்ணிக்கையில். அட்டைப்பெட்டியே பிரிக்காத புதுக் கம்ப்யூட்டரைப் பிரித்து மின்சாரம் கொடுத்தோம், அதிலும் நின்றது. எங்கள் டிரைவருக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டரில் நின்றது, கேண்டீனில் தங்கபுஷ்பம் அக்கா டோக்கன் அடிக்கிற மெஷினில் நின்றது. மத்தியானத்துக்குள் இது என்ன என்று கேட்பதை நிறுத்திவிட்டு இதை என்ன செய்வது என்று கேட்க ஆரம்பித்திருந்தோம்.

கட்டடம் அதை ஏற்றுக்கொண்ட விதம் வேறு எப்படியும் இருந்திருக்காது என்றுதான் இப்போதும் தோன்றுகிறது. எச்.ஆரில் அவனுடைய அடையாள அட்டையை மறுபடி உயிர்ப்பிக்க வேண்டுமா என்று மேலிடத்துக்குக் கேட்டு அனுப்பினார்கள். தங்கபுஷ்பம் அக்கா தினமும் பதினொரு மணி டீயோடு சர்க்கரை போடாத ஒன்றைக் கூடுதலாகக் கொண்டுவந்து டெஸ்ட் மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆறிய பிறகு எடுத்துக்கொண்டு போனார். உலகநாதன் ஏதோ கோயிலிலிருந்து திருநீறு கொண்டுவந்து மெஷினின் நெற்றி எது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்று கடைசியில் பின்பக்கத்து ஃபேனில் போட்டான், அது அவன் முகத்திலேயே திரும்பி அடித்தது. மைமூனின் வாப்பா தண்ணீர் ஓதிக் கொடுத்தனுப்பினார், அடிமடியில் வேலை பார்க்கிறவள் என்பதால் அவள் அதை மெஷினில் தெளிக்காமல் சுற்றிலும் இருந்த செடிகளுக்கு ஊற்றினாள். மூன்றாவது மாடியிலிருந்து கல்யாணம் நிச்சயமான பையன் ஒருவன் வந்து பத்திரிகையை விசைப்பலகை மேல் வைத்துவிட்டுப் போனான். மான்கள் மத்தியான வெயிலில் வேலியோரம் வந்து எங்கள் ஜன்னலைப் பார்த்தபடி நின்றன, நாங்கள் ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுதினோம்.

செண்பகவல்லி அந்த வரியை முதல்முதலாகப் பார்த்தபோது நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அவள் குனிந்து பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"இங்கயும் வந்து எடுத்தத எடுத்த இடத்துல வைக்கலியா" என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நாலு மாதத்தில் முதல் சிரிப்பு. அதற்குப் பிறகு அவள் எல்லோருக்கும் முன்னால் வந்தாள், விளக்கைப் போடுவதற்கு முன்னால் திரையைப் போட்டாள், நேற்றைவிட இன்று எத்தனை கூடியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கைப்பையையே கீழே வைத்தாள். வேண்டாததெல்லாம் இடையில் வருகிறது என்று சொல்லி, அந்தத் திரையில் எங்கள் பெயர்களும் அவன் பெயரும் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு வடிகட்டி போட்டு வைத்தாள். கூடிக்கொண்டேதான் போனது.

கோயில்பிள்ளை சாருக்கு மட்டும் தூக்கம் போய்விட்டது. எங்கள் டிரைவருக்குச் சான்றிதழ் வாங்க ஒரு பரீட்சை இருக்கிறது. டிரைவரை ஓடவிட்டு, பிறகு வெளியே போகச் சொல்வார்கள். போகும்போது ஒரே ஒரு துண்டு திருப்பிக் கொடுக்கப்படாமல் நின்றாலும் பரீட்சை வைக்கிற நிரலே மெஷினை விழத்தட்டிவிடும். நயினாரின் வரி வந்த நாளிலிருந்து ஒவ்வொரு முறையும் விழுந்தது. யாருடைய வரியென்று பாராமல், எங்கள் டிரைவர் எடுத்த மாதிரியே அது நடத்தியது. நாங்களே அந்தத் துண்டுகளைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி எழுதிப் பார்த்தோம், உலகநாதன் தன் பெயரில் கொடுத்துப் பார்த்தான், மெஷின் கேட்கவே இல்லை, நீலத்தைக் காட்டி விழுந்தது. "எடுத்தவந்தான் குடுக்கணும்னு நிக்குது" என்றார் சார். இதற்கிடையில் பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரி, சோதனைக்கென்று கேட்டு ஒரு கருவியைப் பழைய டிரைவரோடு எடுத்துக்கொண்டு போயிருந்தது. அங்கேயும் அந்த வரி நிற்கும் என்று எங்களுக்குத் தெரியும், சார் அந்த ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து போன் வந்தாலே எழுந்து நின்றுகொண்டுதான் பேசினார்.

துண்டுக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தவள் மைமூன். மற்ற துண்டுகளில் எண்களும் குப்பையும்தான் இருக்கும். இவற்றில் எழுத்து இருந்தது, செல்போனில் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்போமே, அந்த மாதிரி. ஒன்றில், நயினார் இருந்தா இந்த சாம்பார. அதோடு நின்றுவிட்டது. இன்னொன்றில், போன தீவாளிக்கு நயினார் அண்ணன் எனக்கு. அதோடு சரி. அவள் ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க உலகநாதனின் முகம் மாறியது.

"அந்த சாம்பாரு நாஞ்சொன்னதுல்லா" என்றான். "சொல்ல வாயெடுத்தேன், செண்பகம் உள்ள வந்துட்டா. அப்படியே முழுங்கிட்டேன்."

தீபாவளி மைமூனுடையது. அவளும் ஒரு நாள் ஆரம்பித்து, செருப்புச் சத்தம் கேட்டு, வாயை மூடியிருக்கிறாள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவன் பெயரை எடுத்து, எடுத்ததை முடிக்காமல் விழுங்கிய ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு, நாங்கள் எடுத்தது, அவன் பேரில். ஒரு வாரமாக அவன் எங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று பயந்துகொண்டிருந்தோம், பிடித்துக்கொண்டிருந்தது நாங்கள்தான். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

திருப்பிக் கொடுப்பது எப்படி என்று யாரும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. உலகநாதன் எழுந்துபோய் செண்பகவல்லியின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். 

"நயினார் இருந்தா இந்த சாம்பார வச்சு நாலு நாளு ஓட்டிருப்பான்" என்றான். "இதுல துணி அலசலாம்னு ஒருதடவ தங்கபுஷ்பம் அக்காட்டயே சொன்னான். அக்கா ரெண்டு நாளு அவனுக்கு மட்டும் வட வைக்கல."

அவள் அவனையே பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை, சிரிக்கவும் செய்தாள். "எங்கிட்ட இதச் சொல்லவே இல்லயே" என்றாள். திரையில் நயின் வரியில் ஒன்று குறைந்தது.

அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க அவள் மேஜைமுன் ஆள் நின்றது. ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி நின்றோம், முந்தினவரை இடிக்காமல், கையைக் கட்டிக்கொண்டு. போன தீபாவளிக்குத் தனக்கு லீவு கிடைக்க நயினார் அண்ணன் இல்லாத காய்ச்சலை உண்டென்று சாரிடம் சத்தியம் பண்ணியதை மைமூன் சொன்னாள், சார் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சார் தன் முறை வந்தபோது, அவனைத் தனக்கு அடுத்த இடத்துக்குச் சிபாரிசு பண்ணியிருந்ததையும் அதை அவனிடம் சொல்வதற்கு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்ததையும் சொன்னார். நயினார் பாடுவான் என்று செண்பகவல்லிக்குத் தெரியாது, அக்கவுண்ட்ஸ் மணிமேகலை சொல்லித்தான் தெரியும், லிஃப்டில் தனியாகப் போகிறபோது சத்தமாகப் பாடுவானாம், கதவு திறந்தால் செல்போனில் பேசுகிற மாதிரி காதில் கையை வைத்துக்கொள்வானாம். ஒவ்வொருவரும் சொல்லி எழுந்ததும் ஒன்று குறைந்தது. சொன்னவர்கள் இலேசாகி நடந்து போனார்கள், கேண்டீனில் இரண்டாவது இட்லி கேட்டார்கள்.

செண்பகவல்லி மட்டும் திரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஒருநாள் மைமூனிடம் சொன்னாள், "கேக்க நல்லாத்தான் இருக்குட்டி. எனக்குத் தெரியாத ஆளு ஒருத்தரக் கல்யாணம் பண்ணி வச்ச மாதிரி இருக்கு. ஆனா ஒண்ணு கேட்டா ஒண்ணு போயிருதே. எல்லாம் போயிட்டா நான் காலைல வந்து எதப் பாக்க?"

மைமூன் அவள் பக்கத்திலேயே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தங்கபுஷ்பம் அக்கா கடைசி ஆளாக வந்து, வடை வைக்காத அந்த இரண்டு நாளும் அவன் கேண்டீன் ஜன்னலில் தலையை நீட்டி நீட்டி மன்னிப்புக் கேட்டதையும், தான் மனசுக்குள் சிரித்துக்கொண்டு வெளியே முறைத்ததையும் சொல்லி முடித்தார். நயின் என்ற வரி திரையிலிருந்து போய்விட்டது. நாங்கள் எல்லோரும் கூடி நின்றோம், அல்வா வந்திருந்தது, கோயில்பிள்ளை சார் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "கணக்கு நேராயிட்டு, நயினார். போயிட்டு வாங்க" என்றார். பிறகு பரீட்சையை ஓட்டினோம். டிரைவர் ஓடியது, வெளியே போகச் சொன்னோம், மெஷின் நீலத்தைக் காட்டி விழுந்தது.

மறுபடி ஓட்டினோம், மறுபடி விழுந்தது. அவன் பேரில் ஒன்றுமே இல்லை, எங்கள் பேரிலும் இல்லை, இருந்தும் ஏதோ நிற்கிறது என்றது பரீட்சை. யாராவது சொல்லாமல் ஒளித்து வைத்திருக்கிறீர்களா என்று உலகநாதன் ஒவ்வொருவராகக் கேட்டான், சண்டை வருகிற மாதிரி ஆகிவிட்டது. செண்பகவல்லி அல்வாவைத் தொடாமல் வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாரின் போன் அடித்தது அப்போதுதான். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி. எழுந்து நின்று பேசியவர், பேசிக்கொண்டே செண்பகவல்லியைக் கைகாட்டி அழைத்தார்.

செண்பகவல்லியும் மைமூனும் போனார்கள். அங்கே நடந்ததை மைமூன் பிறகு எங்களுக்குச் சொன்னாள். செருப்பைக் கழற்றி, கை கழுவி, பச்சை அங்கி மாட்டி உள்ளே விட்டிருக்கிறார்கள். கோடியில் ஒரு கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது, அதன் தலைமாட்டில் எங்கள் கருவியின் திரை. அதில் பச்சை நிறத்தில் நெஞ்சுத்துடிப்பின் எண், நூற்று நாற்பத்திரண்டு. பிள்ளைக்கு இருக்கவேண்டிய நல்ல எண். பெட்டிக்குள் பிள்ளை இல்லை, எண் மட்டும் நின்றது.

"பிள்ள நல்லாருக்குங்க, அங்க அம்மா மடியில இருக்கு" என்று சொல்லியிருக்கிறார் சிஸ்டர், களக்காட்டுக்காரப் பெண்மணி. "நான் போற போக்குல தொட்டுப் பாத்தேன், கை ஜில்லுன்னு இருந்துச்சு. வயரு கழண்டு கிடக்கு, இது பாட்டுக்கு நூத்தி நாப்பத்திரண்டுன்னு காட்டிட்டு இருக்கு. உடனே தூக்கித் துணியச் சுத்திட்டோம்."

"எவ்வளவு நேரமா இப்படி நிக்குது?" என்று செண்பகவல்லி கேட்டாள்.

"அதான தெரியல. நம்பரு கெட்டுப் போயிருந்தா ஓடி வந்திருப்போம். நல்ல நம்பராவே நின்னுட்டு. நல்லாத்தான இருக்குன்னு நாங்க பாட்டுக்கு இருந்துட்டோம்."

செண்பகவல்லி அந்த எண்ணின் முன்னால் நெடுநேரம் நின்றாள் என்றாள் மைமூன். பிறகு திரும்பி, தாயின் மடியில் கிடந்த பிள்ளையிடம் போய், அனுமதி கேட்டு, அதன் உள்ளங்காலை ஒரு விரலால் தொட்டாள். காலை உதறிக்கொண்டது. வண்டியில் திரும்பி வருகிற வழியில், தாழையூத்து தாண்டிய பிறகு, ஒரே வாக்கியம்தான் சொன்னாள்.

"அந்த வடிகட்டிய எடுத்துருட்டி."

நாங்கள் யாரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. மைமூன் திரையில் வடிகட்டியை எடுத்தாள், மெஷின் முழுவதிலும் யார்யார் பெயரில் என்னென்ன நிற்கிறதோ அத்தனையும் கொட்டியது. அதன் அடியில், பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பெயரே இல்லாத ஒரு வரி. டேக் சொல்லாமல் எடுத்தவற்றை அங்கேதான் சேர்ப்பார்கள், பழைய நிரல்களின் மிச்சம் என்று நாங்கள் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நயினாரைத் தேடினோம், நயின் என்று எழுதியிருக்கிற இடத்தில் மட்டும் தேடினோம். மைமூன் பெயரில்லாத துண்டு ஒன்றைத் திறந்தாள். ஏங்க, கேட்ட. அதோடு நின்றது. அடுத்ததைத் திறந்தாள். ஏங்க, கேட்ட. அதற்கடுத்ததும் அதுதான், அதற்கடுத்ததும். சித்திரையிலிருந்து ராத்திரிக்கு ஒன்று.

"எனக்குத் தெரியும்" என்றாள் செண்பகவல்லி. "மொத நாளே பாத்துட்டேன். அதுக்குத்தான் வடிகட்டி போட்டேன்."

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளும் எங்களைப் போல அவனை நயினார் என்றுதான் கூப்பிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் வீட்டில் அது நடக்காது, ஏங்க என்றாகிவிட்டது, நாங்கள்கூட அதை வைத்துக் கேலி பண்ணியிருக்கிறோம், அவள் வாயில் அவன் பெயர் போயே போய்விட்டது. அவள் எங்களிடம் மெதுவாகச் சொன்னாள். அந்த மனிதர் வீட்டில் எதையும் எடுத்த இடத்தில் வைக்காதவர், ஆனால் ராத்திரி கேட்டைப் பூட்டுவது மட்டும் அவர் வேலை, அதை ஒருநாளும் மறந்ததில்லை. இருந்தும் அவள் தினமும் அடுப்படியைத் துடைத்துக்கொண்டே கேட்பாள், அவர் தினமும் பதில் சொல்வார். இப்போதும் அடுப்படியைத் துடைக்கிறபோது வாய் தானாக ஆரம்பித்துவிடுகிறது, பாதியில் நினைவு வந்து விழுங்கிவிடுகிறாள்.

"கேட்டு முடிச்சா பதில் வராதுல்லா" என்றாள். "பாதியில நிப்பாட்டினா, நாந்தான் கேக்கல, அதான் அவுக சொல்லலன்னு இருந்துக்கிடலாம்."

நாங்கள் எழுந்து வெளியே போகப் பார்த்தோம். "இருங்க எல்லாரும்" என்றாள். எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, காலியாக இருந்த அவன் நாற்காலியைப் பார்க்காமல், அடுப்படியிலிருந்து கேட்கிறவள் எப்படி முதுகைக் காட்டி நிற்பாளோ அப்படிச் சுவரைப் பார்த்து நின்றாள். வீட்டில் முன்கட்டுக்குக் கேட்கிற அளவுக்குக் குரலை உயர்த்தினாள்.

"ஏங்க, கேட்டப் பூட்டிட்டீங்களா?"

பிறகு காத்திருந்தாள். நாங்களும் அவளோடு காத்திருந்தோம், அத்தனை பேரும், நிஜமாகவே பதில் வந்துவிடும் என்பதுபோலக் காதைக் கொடுத்துக்கொண்டு காத்திருந்தோம். ஏசி ஓடுகிற சத்தம் கேட்டது, வெளியே வேலியோரம் சருகு மிதிபடுகிற சத்தம் கேட்டது. பொறுக்கமாட்டாமல் உலகநாதன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், மைமூன் அவன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். யாரும் பதில் சொல்லவில்லை. அவள் தோள்கள் முதலில் உயர்ந்து நின்றன, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின, ஆனாலும் நடுவில் திரும்பவில்லை, ஒரு மனுஷன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்ப் பூட்டிவிட்டுத் திரும்பி வருகிற நேரம் முழுவதும் அப்படியே நின்றாள்.

திரையில் பெயரில்லாத வரி இல்லை. ஒவ்வொன்றாகக் குறையவில்லை, பார்த்தபோது மொத்தமாகப் போயிருந்தது. சார் பரீட்சையை ஓட்டினார். டிரைவர் ஓடியது, வெளியே போகச் சொன்னார், வெளியே போனது, மெஷின் விழாமல் நின்றது. அந்த முறை அவர் கணக்கு நேராயிட்டு என்று சொல்லவில்லை, கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். வேலியோரம் நின்ற மான்கள் எப்போது போயின என்று யாரும் பார்க்கவில்லை.

செண்பகவல்லி கையெழுத்துப் போட்டாள். பாளையங்கோட்டைக்குப் போன் பண்ணி, காலையில் புதுசு வந்துவிடும், அதுவரை பழைய மானிட்டரையே மாட்டுங்கள் என்று சிஸ்டரிடம் தானே சொன்னாள். தொடாமல் வைத்திருந்த அல்வாவை எடுத்து டப்பாவுக்குள் வைத்து மூடினாள். மைமூன், "அக்கா, நான் கூட வரட்டா?" என்றாள்.

"வேண்டாம்ட்டி" என்று கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "இருட்டுறதுக்குள்ள போணும். சித்திரையிலிருந்து கேட்டு தொறந்தே கிடக்கு, இனிம நாந்தான பூட்டணும்."